ஐந்தாவது சாதனம்

மகன் சிவசைலம் சென்னையிலிருந்து அனுப்பியிருந்த பட்டியலில் ஒன்பது வேலைகள் இருந்தன. ஐந்தை முடித்துவிட்டு ஆறாவதன் முன்னால் உட்கார்ந்திருந்தாள் சண்முகவடிவு. மணி மூன்று பத்து. சாப்பாட்டு மேசையின் ஓரத்தில் கணினி, அதன் பக்கத்தில் கைப்பேசி, நடுவில் ரசத்தின் வளையம் காய்ந்த ஒரு வட்டம். அதைத் துடைக்க வேண்டும் என்று மதியத்திலிருந்தே நினைக்கிறாள், துடைக்கவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை எவனோ வீட்டு மின்னஞ்சல் கணக்குக்குள் புகுந்து, அவள் கணவர் அருணாசலத்தின் பெயரில் உறவுக்காரர்கள் அத்தனை பேருக்கும் லாட்டரி விழுந்ததாகக் கடிதம் போட்டுவிட்டான். கல்லிடைக்குறிச்சி மச்சான் கூப்பிட்டு, "அண்ணாச்சி, விழுந்தது விழுந்துட்டு, எங்களுக்கும் ஒரு பங்கு உண்டுமா?" என்று சிரித்ததில் அவருக்கு இரண்டு நாளாகச் சோறு இறங்கவில்லை. அதற்காகத்தான் இந்தப் பட்டியல். தப்பு எங்கே தொடங்கியது என்று அவளுக்குத் தெரியும். ஒரு வீட்டுக்கு ஒரு கணக்குப் போதும் என்றவர் அவர்தான். முப்பத்தொரு வருஷம் வட்ட வழங்கல் அலுவலகத்தில் ரேஷன் கார்டு போட்ட மனிதர். குடும்பம் என்றால் அவருக்கு ஓர் அட்டை, அட்டையில் தலைவர், தலைவருக்குக் கீழே வரிசையாகப் பெயர்கள். பிள்ளைகள் முதல் கைப்பேசி வாங்கியபோது ஆளுக்கொரு மின்னஞ்சல் எதற்கு, ஆளுக்கொரு கார்டா வைத்திருக்கிறோம் என்று சொல்லி, எல்லாக் கருவியையும் தன் ஒரே கணக்கில் இணைத்துவிட்டார். கடவுச்சொல் பழைய காகித ரேஷன் கார்டின் எண். யார் எங்கே படம் எடுத்தாலும் எல்லாம் ஒரே குவியலில் வந்து விழும், எல்லார் கண்ணுக்கும் தெரியும். பன்னிரண்டு வருஷமாக அப்படித்தான். சிவசைலம் தலையில் அடித்துக்கொண்டான். "ஒரே சாவிய ஊருக்கெல்லாம் குடுத்துட்டு வீடு பத்திரமா இருக்கும்னு நினைச்சீங்களாம்மா?" ஆறாவது வேலை எளியதாகத்தான் தெரிந்தது. கணக்கில் இணைந்துள்ள சாதனங்களைப் பார், நம்முடையது இல்லாததை நீக்கு.

அவள் பார்த்தாள். எல்லாம் தமிழில் வரும்படி வைத்திருந்ததால் எழுத்துகள் பரீட்சை வினாத்தாள் போல நிதானமாக நின்றன. முதலாவது, இந்தக் கணினி, கோவில்பட்டி, இப்போது. இரண்டாவது, அவள் கைப்பேசி, கோவில்பட்டி, இப்போது. மூன்றாவது அவருடையது, கோவில்பட்டி, பதினோரு நிமிடங்களுக்கு முன். சாப்பிட்ட கையோடு மருந்துக்கடைக்கும் முடிதிருத்தவும் போயிருக்கிறார், அங்கேயும் நோண்டிக்கொண்டிருக்கிறார் போல. நான்காவது சிவசைலத்தினுடையது, சென்னை. ஐந்தாவது. ஐந்தாவதைப் படித்துவிட்டு அவள் மறுபடி நான்காவதைப் படித்தாள். மாடி ஏறும்போது ஒரு படி கூடுதலாக இருப்பதாக நினைத்துக் காலைத் தூக்கி வைத்து வெறும் தரையில் இடறுவதுபோல ஏதோ ஒன்று உள்ளே இடறியது. ஐந்தாவது: கோதை போன். ஒசூர், தமிழ்நாடு. கடைசியாகப் பயன்படுத்தியது இன்று, பிற்பகல் 1.12. மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. பக்கத்து வீட்டில் யாரோ குக்கரைத் தண்ணீரில் காட்டினார்கள், சுர்ர் என்றது. ஒன்று பன்னிரண்டு. ஒன்று பன்னிரண்டுக்கு நான் என்ன செய்துகொண்டிருந்தேன், அப்பளம் பொரித்துக்கொண்டிருந்தேன், எண்ணெய் தெறித்து மணிக்கட்டில் விழுந்தது. இதோ அந்தப் பொட்டு. அந்தப் பொட்டு விழுந்த நேரத்தில் கோதை இதற்குள் இருந்தாள். பூங்கோதை. ஐந்து வருஷம் மூன்று மாதம் ஆகிறது அந்தப் பெயரை இந்த வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொல்லி. அவளும் சொல்லவில்லை, வாய் மட்டும் அசைந்தது. போனுக்கு அந்தப் பெயரை வைத்தவள் கோதையேதான். முதல் சம்பளத்தில் வாங்கிவந்து இதே மேசையில் வைத்து, "அப்பா, உங்க கார்டுல என்னையும் சேத்துருங்க" என்று கேலி செய்தாள். அவரும் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, ஏதோ அரசாணையை அமல்படுத்துகிற மாதிரி எண்ணை ஒவ்வொன்றாக அழுத்திச் சேர்த்தார். பிறகு அவள் ரூபனோடு போனாள். நம் ஆள் இல்லை, தெற்குத் தெருவுக்கும் அந்தாண்டை இருக்கிற பையன். போன ஒன்பதாம் நாள் அவர் பெயர் நீக்கப் படிவத்தை எடுத்துவந்து இங்கே உட்கார்ந்துதான் நிரப்பினார். காரணம் என்ற கட்டத்தில் இறப்பு என்று போடச் சொன்னான் அவர் தம்பி. "போடுங்கண்ணே, நமக்கு அவ செத்தாச்சு." அவர் வெகுநேரம் பேனாவைப் பிடித்துக்கொண்டிருந்துவிட்டுத் திருமணம் என்று எழுதினார். அந்த ஒரு சொல்லுக்காகத்தான் இன்றைக்கும் இந்த மனிதருக்குச் சோறு போடுகிறேன் என்று சில நாள் அவளுக்குத் தோன்றும். கார்டில் நீக்கியவருக்கு இங்கே நீக்கத் தோன்றவில்லை. படிவம் இல்லாத இடத்தில் ஒரு பெயர் இருக்க முடியும் என்பதே அவருக்குத் தெரிந்திருக்காது.

மறுபடி ஐந்தாவது வரியைப் பார்த்தாள். விரலைத் திரையில் வைக்கப் பயமாக இருந்தது. தொட்டால் அந்தப் பக்கம் தெரிந்துவிடுமோ. வெளியூர் அழைப்புகளை இணைக்கிற டிரங்க் போர்டில் அப்படித்தான், ஆபரேட்டர் லைனில் நுழைந்தால் லேசாக ஒரு சத்தம் கேட்கும், பேசுகிறவர்கள் சட்டென்று நிறுத்திவிடுவார்கள். பட்டப்படிப்பை முடித்துவிட்டு இருபத்திரண்டு வயதில் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தவள். முகம் இல்லாத குரல். "மூணு நிமிஷம் ஆச்சு சார், நீட்டிக்கவா, கட் பண்ணவா?" சிவகாசிக்கும் பம்பாய்க்கும் இடையே, சாத்தூருக்கும் டில்லிக்கும் இடையே எத்தனை பேர் தொண்டையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சியிருக்கிறார்கள். அம்மா, ஒரு நிமிஷம், ஒரே ஒரு நிமிஷம், வெட்டிராதீங்கம்மா. விதி விதிதான், அவள் வெட்டியிருக்கிறாள். ஒரு முறை இரண்டு முனையிலும் ஆள் இருந்தும் யாரும் பேசவில்லை. இணைப்பு சரிதானா என்று அவள் உள்ளே நுழைந்து கேட்டாள். இரண்டு மூச்சு மட்டும் கேட்டது. ஒன்று வேகமாக, ஒன்று மெதுவாக. ஹலோ பேசுங்கள் என்று சொல்ல வாயெடுத்தவள் சொல்லவில்லை. மூன்று நிமிஷமும் அப்படியே போயிற்று. இன்றைக்கும் நினைத்தால் அந்த மூச்சு கேட்கும், யாருடையது என்று தெரியாத மூச்சு. அது எந்த வருஷம், மழைக்காலமா, அன்றைக்கு எந்தச் சேலை கட்டியிருந்தேன் என்று மனம் எதையெதையோ துழாவிவிட்டு, மறுபடி ஒன்று பன்னிரண்டில் வந்து நின்றது. அங்கே கோதைக்குச் சாப்பாட்டு வேளை அது. எங்கேயோ வேலைக்குப் போகிறாள். டிபன் பாக்ஸைத் திறந்து வைத்துக்கொண்டு இடது கையால் போனைத் திறந்து பார்க்கிறாள். எதைப் பார்க்கிறாள்?

படங்களை. வேறு என்ன இருக்கிறது இந்தக் கணக்கில், மின்கட்டண ரசீதும் படங்களும்தானே. வடிவு படக் குவியலைத் திறந்து வேகவேகமாகப் பின்னால் போனாள், தன் கண்ணால் அல்ல, அவள் கண்ணால். துவைக்கிற கல்லில் படுத்திருக்கிற பூனை. அது கோதை வளர்த்த பூனையின் குட்டி என்று அவளுக்குப் புரிந்திருக்குமா, காதில் அதே வெட்டு இருக்கிறதே, புரிந்திருக்கும். தொட்டியில் முதல் முதலாகப் பூத்த நந்தியாவட்டை. கருகிப்போன தீபாவளி முறுக்கு. அதைச் சிவசைலத்துக்குக் காட்டத்தான் எடுத்தாள், கோதை பார்த்துச் சிரித்திருப்பாள். மூட்டு எக்ஸ்ரே. ஐயோ, அதைப் பார்த்துவிட்டு அங்கே என்ன பாடு பட்டாளோ. கண் ஆபரேஷன் முடிந்து கறுப்புக் கண்ணாடியோடு வாயைத் திறந்து தூங்குகிற அப்பா. சுவர்ப் பூச்சு மாற்றியது. அவள் அறையில் இப்போது அரிசி மூட்டை நிற்பது. அதை ஏன் எடுத்தேன், எலி நுழைந்த ஓட்டையைக் கொத்தனாருக்குக் காட்டுவதற்காக. அதையும் பார்த்திருப்பாள், தன் கட்டிலிருந்த இடத்தில் மூட்டையை. ஐந்து வருஷமாக இந்த வீட்டின் நடுவில் உட்கார்ந்திருந்திருக்கிறாள், ஒரு சத்தமும் காட்டாமல். நான் மட்டும் ஒரு படத்தில்கூட இல்லை. எடுப்பவள் நானாயிற்றே. அம்மா எப்படி இருக்கிறாள் என்று எத்தனை மதியம் தேடியிருப்பாள், எக்ஸ்ரேயில் ஒரு முட்டிதான் கிடைத்திருக்கும். பிறகு ஒன்று ஞாபகம் வந்து கை நின்றுவிட்டது. போன சித்திரையில் ஒரு படம். வடிவு எடுக்காத படம். ஏதோ ஒரு ஜன்னல், அதில் நீலத்தில் திரைச்சீலை, பின்னாலிருந்து வெயில் அடித்து நீலம் எல்லாம் ஊறி வழிகிற மாதிரி. காலையில் இருந்தது, சாயங்காலம் தேடினால் இல்லை. சிவசைலம் ஏதோ எடுத்து அழித்திருக்கிறான் என்று விட்டுவிட்டாள். இந்த மாதிரி ஒரு சின்னாளபட்டிச் சேலை என்னிடமும் இருந்ததே, ஓரத்தில் இதே மாதிரி பொடிக்கட்டம், பாத்திரக்காரனுக்குப் போட்டுவிட்டேன் போல என்று நினைத்தாள், நினைத்துவிட்டு அடுப்பைப் பார்க்கப் போனாள். பாத்திரக்காரனுக்குப் போடவில்லை. அவள் கொண்டுபோயிருக்கிறாள். கட்டவில்லை, கிழித்து ஜன்னலில் மாட்டியிருக்கிறாள், தினமும் காலையில் வெயில் அதன் வழியாக வரட்டும் என்று. தவறிப்போய் இங்கே வந்து விழுந்திருக்கிறது. அல்லது தவறிப்போகாமல். வடிவு முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள். அழுகை இல்லை, சிரிப்பும் இல்லை. உயிரோடு இருக்கிறாள் என்பது மட்டும் ஒரு பெரிய சொம்புத் தண்ணீரைப் போல மெல்ல உள்ளே இறங்கியது.

கைப்பேசி அடித்தது. சிவசைலம். "ம்மா, ஆறாவது முடிஞ்சிட்டா?" "பாத்துக்கிட்டு இருக்கேன்." "அதுல என்னம்மா பாக்கதுக்கு இருக்கு? நம்ம நாலு பேருதான். கூடுதலா ஏதாச்சும் கிடக்கா?" ஒரு கணம் எல்லாம் தொண்டை வரை வந்தது. அக்காடா சைலு, ஒங்க அக்கா. ஆனால் அவன் சித்தப்பாவிடம் எதையும் மறைக்கத் தெரியாதவன். படிக்க வைத்தவர், வேலை வாங்கித் தந்தவர், அவர் தொண்டையைச் செருமினாலே இவன் கொட்டிவிடுவான். கெட்டவன் இல்லை, வலுவில்லாதவன். "ஒண்ணுமில்ல, எழுத்து பொடியா இருக்கு" என்றாள். "அப்ப விடுங்க. சித்தப்பா அஞ்சு மணிக்கு வாராங்க. மிச்சத்த அவங்க உக்காந்து பாத்துக்கிடுவாங்க. யார் யார் உள்ள இருக்காங்கன்னு ஒவ்வொண்ணா அலசிட்டு, பாஸ்வேர்டையும் மாத்தித் தந்துருவாங்க." வைத்துவிட்டான். சித்தப்பா என்றால் அருணாசலத்தின் தம்பி சங்கரபாண்டியன். பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருக்கிறான், சொந்தபந்தத்தில் யாருக்கு எந்தப் பூட்டு என்றாலும் அவன்தான். கோதை போன மறுவாரம் வாசல் கேட்டுக்கு மேலே காமிராவை மாட்டியவனும் அவன்தான். வெளியே போனவளை விட்டுவிட்டு உள்ளே வருகிறவர்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறது அது, ஐந்து வருஷமாகப் பால்காரனையும் பூனையையும். அவன் வந்து இந்த நாற்காலியில் உட்கார்வான். ஒவ்வொன்றாக அலசுவான். ஐந்தாவது வரிக்கு வருவான். ஒசூர் என்று படிப்பான். அந்த எண்ணம் அதுவரை எங்கே ஒளிந்திருந்ததோ, இப்போது வந்ததும் திரும்பி வாசலைப் பார்த்தாள். அந்த நாட்களில் அவன் இரண்டு கார் எடுத்துக்கொண்டு திருப்பூர், பெங்களூர் என்று பதினேழு நாள் சுற்றினான். ஒரு நாள் விடியக்காலம் கிளம்பும்போது அவள் காரில் உட்கார்ந்திருந்தவர்களுக்குக் காப்பி கொண்டுபோய்க் கொடுத்தாள். பின்சீட்டில் அவர்கள் காலடியில் உரச்சாக்கில் சுற்றி நீளமாக ஒன்று கிடந்தது. மண்வெட்டிக் காம்பு என்று நினைக்க அவள் எவ்வளவோ பாடுபட்டாள். "கண்டுபிடிச்சா கூட்டிட்டு வந்துருங்க தம்பி, நான் பேசிக்கிடுதேன்" என்றாள். டம்ளரைத் திருப்பித் தந்துகொண்டே அவன் சொன்னான், "பேச்செல்லாம் கிடையாது மதினி." கோபமாகச் சொல்லவில்லை. காப்பியில் சீனி போதும் என்பதுபோலச் சொன்னான். போன பொங்கலுக்கு வந்தபோதும், கரும்பைக் கடித்துத் துப்பிவிட்டு, "அஞ்சு வருஷம் ஆச்சுன்னா மறந்துருவேன்னு நினைச்சுக்கிட்டு இருக்காங்க" என்றான். யார் என்று சொல்லவில்லை. எல்லாருக்கும் புரிந்தது, அருணாசலம் எழுந்து கை கழுவப் போய்விட்டார்.

ஒசூர் என்ன சின்ன ஊரா, ஆயிரம் தெரு இருக்கும் என்று அவள் தனக்குச் சொன்னாள். அவனுக்கு ஓர் ஊர்ப் பெயர் போதும் என்றும் சொன்னாள். விட்டுவைத்தால் பார்ப்பான். பெயரை வேறு மாதிரி மாற்றினால், ஊர் நிற்கிறதே. வரவேண்டாம், நானே பார்த்துக்கொள்கிறேன் என்றால், ஏன் மதினி என்பான், அந்த ஏன் போதும் அவனுக்கு. நீக்கிவிட்டால். நீக்கிவிட்டால் அங்கே நாளைக்கு மதியம் டிபன் பாக்ஸைத் திறந்து வைத்துக்கொண்டு அவள் பார்ப்பாள், கணக்கு வெளியேற்றப்பட்டது என்று வரும். அம்மாவும் அப்பாவும் உட்கார்ந்து தேடிப்பிடித்துப் பெயரை வெட்டிவிட்டார்கள் என்றுதானே நினைப்பாள். வேறு எப்படி நினைக்க முடியும். உன்னைக் காப்பாற்றத்தான் என்று யார் போய்ச் சொல்வது, எந்த எண்ணுக்கு. ஆயிரம் எண்களுக்கு இணைப்புக் கொடுத்தவளிடம் மகளின் எண் இல்லை. எழுதிக் காட்டலாம். காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதிப் படம் எடுத்தால் குவியலில் போய் விழும், அவள் பார்ப்பாள். எழுந்து தாளைக்கூடக் கிழித்துவிட்டாள். கோதை, நான் செய்யவில்லை, என்று எழுத ஆரம்பித்து நிறுத்தினாள். குவியல் எல்லாருக்கும் பொது. முடிவெட்டும் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு அவரும் பார்ப்பார், சிவசைலமும் பார்ப்பான். அழித்தாலும் குப்பைத்தொட்டியில் அறுபது நாள் கிடக்குமாம், சங்கரபாண்டியன் முதலில் குப்பையைத்தான் கிளறுவான். தாளைச் சுக்கலாகக் கிழித்துச் சட்டினி மிஞ்சிய கிண்ணத்தில் போட்டுப் பிசைந்தாள். அப்போதுதான் அது தோன்றியது. எழுத்து வேண்டாம். கைப்பேசியை எடுத்துத் திருப்பித் தன் முகத்துக்கு நேராகப் பிடித்தாள். திரையில் ஒரு கிழவி வந்து நின்றாள், கன்னத்தில் மங்கு, நெற்றியில் பாதி அழிந்த பொட்டு, உதடு ஏதோ சொல்ல வந்து மறந்ததுபோல. முடியை ஒதுக்கினாள். பிறகு வேண்டாம் என்று கலைத்துவிட்டாள். சிரித்தால் சந்தோஷமாக வெட்டினாள் என்று ஆகிவிடும், அழுதால் கோதை பயந்து ஊருக்குக் கிளம்பி வந்துவிடுவாள். சும்மா பார்த்தாள், பள்ளிக்கூடம் விட்டு வருகிறவளைத் தெருமுனையில் பார்ப்பதுபோல. அழுத்தினாள். படம் போய்க் குவியலில் விழுந்தது, பூனைக்கும் மின்கட்டண ரசீதுக்கும் பக்கத்தில். நாலு பத்து.

அப்புறம் காத்திருந்தாள். பக்கத்தைப் புதுப்பிக்கிற வளைந்த அம்புக்குறியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். ஒன்று பன்னிரண்டு. வாய்க்குள் எதையோ முணுமுணுத்தாள், திருச்செந்தூர் முருகனிடமா கோதையிடமா என்று அவளுக்கே நிச்சயமில்லை. இப்போது பார் கண்ணே, ஒரே ஒரு தடவை எடுத்துப் பார். ஒன்று பன்னிரண்டு. வேலையில் இருப்பாள். மதியம் பார்த்தாயிற்று, இனி நாளைக்குத்தான். நாலு இருபத்தைந்து. சின்ன வயதில் விளையாடப்போனவளை வா என்றால் வந்தேன் என்று சொல்லிவிட்டு வரமாட்டாள், பத்துத் தடவை கூப்பிட வேண்டும். ஒன்று பன்னிரண்டு. நாலு நாற்பது. டீக்கு விடமாட்டார்களா அந்தக் கம்பெனியில். இந்த எண்ணையே பார்த்துப் பார்த்து அது எண்ணாக இல்லாமல் ஒரு மூடிய கதவின் கைப்பிடிபோல ஆகிவிட்டது. நாலு ஐம்பத்திரண்டுக்குத் தெருவில் பைக் சத்தம் கேட்டது. வேறு யாருடையதாகவோ இருக்கட்டும். இல்லை, கேட்டின் தாழ் கிறீச்சிட்டது, அவர் குரல், கூடவே அவன் குரல். வழியில் பார்த்து ஏற்றிக்கொண்டு வந்திருக்கிறான். அவள் கை நடுங்கவில்லை. அதைத்தான் பின்னால் நினைத்து நினைத்துப் பார்ப்பாள், கொஞ்சம் நடுங்கியிருக்கலாம். இந்தச் சாதனத்தை நீக்கவா, என்று கேட்டது. ஆம். நிச்சயமாகவா, என்று மறுபடி கேட்டது. இயந்திரத்துக்குக்கூட ஒரு தடவை யோசிக்கத் தோன்றுகிறது. ஆம். வரி மறைந்து நாலு பெயர்கள் நின்றன, இடையில் ஓர் இடம்கூட விடாமல்.

"என்ன மதினி, கம்ப்யூட்டர் இன்ஜினியர் ஆயிட்டீங்க" என்று சிரித்துக்கொண்டே வந்து உட்கார்ந்தான் சங்கரபாண்டியன். சவரக்கடை பவுடர் வாசனையோடு அருணாசலம் ஈஸிசேரில் சாய்ந்தார். "எல்லாத்தையும் தமிழ்ல வச்சுருக்கீங்க, எனக்கே ஒண்ணும் விளங்கல. சாதனமாம்ல, சாதனம்." நாலு வரியையும் விரலால் தொட்டு எண்ணினான். "நீங்க, அண்ணன், சைலு, இது. நாலுதான். பரவால்ல, வெளியாள் ஒருத்தனும் இல்ல." படக் குவியலைத் திறந்தான். "அட, மதினி செல்பி எல்லாம் எடுக்காங்கண்ணே. பொண்ணு பாக்க வாராங்களோ?" அருணாசலம் திரும்பிப் பார்த்தார். அந்தப் படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "எதுக்கு இது?" என்றார். "கண்ணாடி மாத்தணும்னீங்கள்ல, முகத்துக்கு எது எடுக்கும்னு சைலு கேட்டான்" என்றாள். பொய் அவ்வளவு லேசாக வந்தது. அப்போது அவள் கையிலிருந்த கைப்பேசி டிங் என்றது. காலையில் அவளே முடித்துவைத்த நாலாவது வேலை அது, யார் உள்ளே வந்தாலும் முதலில் அவளைக் கேட்டுவிட்டுத்தான் விட வேண்டும் என்று. திரை முழுக்க வெள்ளையாகி எழுத்துகள் வந்தன. உங்கள் கணக்கில் யாரோ நுழைய முயல்கிறார்கள். சரியான கடவுச்சொல் தரப்பட்டுள்ளது. ஒசூர், தமிழ்நாடு. நீங்கள்தானா? கீழே இரண்டு பொத்தான்கள். ஆம், நான்தான். இல்லை, நான் அல்ல. கோதைக்கு அந்த ரேஷன் கார்டு எண் மறக்கவில்லை. ஏழு வயதிலிருந்து அந்தக் கார்டைத் தூக்கிக்கொண்டு கடை வரிசையில் நின்றவள், எண்ணைப் பாட்டாகப் பாடிக்கொண்டு போவாள். வேலை முடிந்து, ஏதோ ஒரு பஸ் நிறுத்தத்தில் நின்றுகொண்டு, வெளியேற்றப்பட்டதைப் பார்த்துவிட்டுத் தப்பாக ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்து எண்ணைப் போட்டிருக்கிறாள். படத்தைப் பார்க்கவில்லை. பார்க்கவே இல்லை. ஒரு தட்டுத் தட்டினால் உள்ளே வந்துவிடுவாள், வந்தால் முதலில் அந்த முகம்தான். வந்தால் இங்கே ஐந்தாவது வரியும் வந்துவிடும், அவன் இன்னும் கணினியின் முன்னால்தான் உட்கார்ந்திருந்தான். "என்ன மதினி சத்தம்?" கட்டைவிரலால் ஊர்ப் பெயரை மூடிக்கொண்டாள். "யாரோ உள்ள வரப் பாக்காங்களாம். நீங்கதானான்னு கேக்கு." "பாத்தீங்களா, அதே களவாணிப் பயதான். இல்லைன்னு அமுத்துங்க." அமுத்தினாள். நன்றி, உங்கள் கணக்கைப் பாதுகாத்தீர்கள், என்று வந்தது. மூச்சு விடுவதற்குள் மறுபடி டிங். நீங்கள்தானா? "விடமாட்டான் பாருங்க. அமுத்துங்க." அமுத்தினாள். இந்தத் தடவை சற்றுத் தாமதமாயிற்று. தவறாகப் போட்டுவிட்டோமோ என்று எண்ணை ஒவ்வொன்றாகச் சரிபார்த்துப் போடுகிறாள். டிங். ஈஸிசேரிலிருந்து அருணாசலம், "யாரு?" என்றார். அவர் குரலில் என்ன இருந்தது என்று அவளால் சொல்ல முடியவில்லை. "யாரோ" என்றாள், அமுத்தினாள். சங்கரபாண்டியன் விசைகளைத் தட்டிக் கடவுச்சொல்லை மாற்றினான். "ஆச்சு. இனி தலைகீழா நின்னாலும் ஒருத்தன் உள்ள வர முடியாது. காப்பி உண்டுமா மதினி?" அவள் அடுப்படிக்குப் போய்ப் பாலை வைத்தாள். கைப்பேசியை ஜன்னல் விளிம்பில் சத்தத்தை முழுசாக வைத்துச் சாய்த்து நிறுத்தினாள். பால் பொங்கி அடங்கிற்று. அதை இறக்கிவிட்டு, மறுபடி கைப்பேசியைப் பார்த்தாள். டிகாக்‌ஷனைக் கலந்து, சீனி போட்டு, இரண்டு டம்ளரிலும் ஆற்றிவிட்டுப் பார்த்தாள். "மதினி, என்ன அங்க சத்தத்தையே காணும்?" என்றான் உள்ளேயிருந்து. "இந்தா வந்துட்டேன் தம்பி" என்று சொல்லிவிட்டு, அவள் இன்னும் அங்கேயேதான் நின்றாள்.